யார் இழுத்த வயர்?

பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி இந்த வாரம் ஒரு கூட்டம். பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒரு மணி நேரம். பேசியவர்களில் பாதிப் பேர் ‘நான்காவது தூண்’ என்றார்கள். அதைப் பற்றிக் காரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தால், நெட் இல்லை.

பிராட்பேண்ட் தம்பி வந்தார். தம்பி பழையதைக் கழற்றாமல் புது வயரை ஜன்னல் கம்பிக்குள் நுழைத்தார். ஏற்கெனவே அங்கே நான்கு தொங்குகின்றன.

“இதெல்லாம் எதுக்குத் தம்பி?”

“யார் இழுத்ததுன்னு தெரியல சார். இருக்கட்டும், ஒண்ணும் பண்ணாது.”

எனக்கு பாகு நகரத்துப் பத்திரிகையாளர் கதீஜா இஸ்மாயிலோவா ஞாபகம் வந்துவிட்டது. கூட்டம் கிடக்கட்டும்.

அஜர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவ் குடும்பத்தின் சொத்துகளைத் துருவியவர் கதீஜா. அஸர்ஃபோன் என்ற செல்போன் கம்பெனியின் உரிமை பனாமா வழியாகச் சுற்றி அதிபரின் மகள்களிடம் போய் நிற்பதை 2011 ஜூனில் எழுதினார். 2012 மார்ச் 7 அன்று மாஸ்கோவிலிருந்து தபாலில் ஓர் உறை. உள்ளே அவருடைய படுக்கையறைப் படங்கள். ஒழுங்காக இல்லாவிட்டால் மானம் போகும் என்ற பொருளில் ஒரு சீட்டும் இருந்தது.

மிரட்டலை அவரே ஊருக்குச் சொன்னார். ஒரே வாரத்தில், படுக்கையறையில் ரகசியக் கேமரா வைத்து எடுத்த வீடியோ இணையத்தில் ஏறியது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். வீட்டுக்குள் கேமரா இருந்த இடத்தைத் தேடி, வயரைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே போனார். அது ஒரு டெலிபோன் ஊழியரிடம் போய் நின்றது. மேலிடம் சொல்லி 2011 ஜூலையில் இன்னொரு லைன் இழுத்தேன் என்றார் அவர். ஜூனில் கட்டுரை, ஜூலையில் வயர்!

அரசு இதை ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று 2019-ல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அரசே கேமரா வைத்தது என்று சொல்லச் சாட்சியம் போதாது என்றும் சொன்னது. விசாரிக்காவிட்டால் சாட்சியம் எங்கிருந்து வரும்? நான் நீதிபதி இல்லை, விடுங்கள்.

வீடியோ வந்து இரண்டே மாதத்தில், யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்காகக் கட்டிய கிரிஸ்டல் ஹால் வேலையில் அதிபர் குடும்பத்துக்கு உள்ள தொடர்பை எழுதினார். அடுத்த மாதமே, கம்பெனிகளின் உரிமையாளர் யார் என்பதை ரகசியமாக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2014 டிசம்பர் 5 அன்று கைது. பழைய சக ஊழியர் ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டினார் என்பது முதல் குற்றச்சாட்டு. அது நிற்கவில்லை. கையாடல், வரி ஏய்ப்பு என்று மாற்றி ஏழரை ஆண்டு கொடுத்தார்கள். (ஏழரை! நம் ஜோசியர்கள் கவனிக்க.)

உள்ளே வைத்ததால் வேலை நின்றதா என்றால், இல்லை. மற்ற நாட்டு நிருபர்கள் அவர் விட்ட இடத்திலிருந்து ‘கதீஜா ப்ராஜெக்ட்’ என்று பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். 2016 மே 3 அன்று யுனெஸ்கோவின் பத்திரிகைச் சுதந்திரப் பரிசை ஹெல்சிங்கியில் அவர் சார்பில் அவருடைய அம்மா வாங்கிக்கொண்டார். மே 25 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது, ஆனால் வெளிநாடு போகத் தடை. ஒருவழியாக 2021-ல் நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகுதான், அவர் போனுக்குள் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் புகுந்திருந்தது தெரியவந்தது. அதற்கு வயரே வேண்டாம்.

சனிக்கிழமை தம்பியை மறுபடி கூப்பிட்டேன். ஐந்து வயரையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனோம். இரண்டு மொட்டை மாடியில் அறுந்து கிடந்தன. ஒன்று பழைய டெலிபோன். நான்காவதன் மறுமுனையில் கீழ்வீட்டு அம்மா புடவை காயப்போட்டிருந்தார். “அதை மட்டும் வெட்டிடாதீங்க சார்” என்றார்.