சாய்னாவும் தங்கச்சி வீட்டு பி.எஃப். பணமும்

ரெண்டு வாரமா ஆபீஸில் ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் வர முடியவில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து தங்கச்சி போன். மஸ்கட்டில் எனக்கு லீவு நாள், நிதானமாகப் பேசலாம் என்று அவளுக்குத் தெரியும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் வீடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த கூட்டம் நாங்கள். அவள் மகளுக்குப் பதிமூணு வயசு, ஷட்டில் நன்றாக ஆடுகிறாள். "இங்கே இனி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, தினமும் திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போங்க" என்று கோச் சொல்லிவிட்டாராம்.

"அண்ணா, அவரோட பி.எஃப். எடுக்கட்டுமா?"

இருபது வருஷமாக பேங்க்கில் குப்பை கொட்டுபவன் என்ன சொல்வான்? "அதுல மட்டும் கை வைக்காதே" என்றேன். "சரி அண்ணா" என்று வைத்துவிட்டாள். அந்த "சரி" ஒரு வாரமாகத் தூங்க விடவில்லை.

சாய்னா நேவால் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம்ம ஆட்கள் சொல்லும்போது மெடலில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அவர் அப்பாவின் பாஸ்புக்கில் ஆரம்பிக்கத் தோன்றுகிறது. ஹர்வீர் சிங் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானி. ஹரியானாவிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த குடும்பம். விடியுமுன் ஸ்கூட்டரில் மகளை லால் பகதூர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவார். குழந்தை தூங்கி விழுந்துவிடக்கூடாது என்று அம்மாவும் பின்னால் உட்கார்ந்து போன நாட்கள் உண்டு. பயிற்சிச் செலவுக்குச் சம்பளத்தில் பெரும் பங்கு போனது. போதாமல் வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் எடுத்தார். ஸ்பான்சர்களும் பாரத் பெட்ரோலியம் வேலையும் எல்லாம் பிறகு வந்தவை. முதல் ஸ்பான்சர் அந்த பி.எஃப்.தான்.

அதற்குக் கிடைத்த வட்டி என்ன? 2006இல் பதினாறு வயசில் பிலிப்பைன்ஸ் ஓப்பன். 2009இல் இந்தோனேசியா ஓப்பன், இந்தியர் ஒருவர் வென்ற முதல் சூப்பர் சீரிஸ். 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம். 2012 லண்டனில் வெண்கலம், பேட்மிண்டனில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2015இல் உலகின் முதல் இடம்.

லண்டன் ஆட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சீனாவின் வாங் ஷின் முதல் கேமை 21-18 என்று எடுத்து, அடுத்ததில் 1-0 முன்னிலையில் இருந்தார். முழங்கால் போனது, விலகினார். நமக்கு வெண்கலம். நாலு வருஷம் கழித்து ரியோவில் சாய்னாவின் முழங்கால். உக்ரைனின் மரியா உலிட்டினாவிடம் தோற்று, ஊர் திரும்பி ஆபரேஷன். மீண்டு வந்து 2018 காமன்வெல்த்தில் சிந்துவையே வென்று தங்கம் எடுத்தார் என்பது வேறு. ஆனாலும் 2023 சிங்கப்பூர் ஓப்பன் முதல் சுற்றோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. முழங்காலில் ஆர்த்ரைடிஸ் என்று 2024இல் அவரே சொன்னார்.

ஜெயித்தவருக்கே இதுதான் ரிஸ்க். இதே மாதிரி பி.எஃப். எடுத்து, மகள் மாநில அளவோடு நின்றுபோன அப்பாக்கள் எத்தனை பேரோ! அவர்களைப் பற்றி யாரும் சினிமா எடுப்பதில்லை.

ஊரில் வேலை பார்த்தபோது எத்தனையோ கல்விக்கடன் ஃபைல் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது. 4 லட்சம் வரை ஈடு கிடையாது. 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதி உண்டு. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். அந்தப் பையன்கள் எல்லோரும் பாஸ் பண்ணினார்களா, வேலை கிடைத்ததா? இல்லை. ஆனாலும் நஷ்டத்தைப் பங்கு போட அரசும் பேங்க்கும் முன்வந்தன. விளையாட்டுக்கு அப்படி ஒரு திட்டத்தை என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

கேலோ இந்தியா இருக்கே என்பீர்கள். தேர்வானால் வருஷாவருஷம் உதவித்தொகை, நல்ல திட்டம்தான். ஆனால் அந்தக் கண்ணில் படுகிற அளவுக்குக் குழந்தை வளரும்வரை? பாறசாலையிலிருந்து ஜிம்மி ஜார்ஜ் ஸ்டேடியம் முப்பது கிலோமீட்டர், வழியில் பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசல் வேறு. அந்தப் பத்து வயசிலிருந்து பதினாலு வயசு வரைதான் அப்பனின் பி.எஃப். கரைகிறது. மெடல் வந்தால் நாட்டுக்கு, வராவிட்டால் அப்பனுக்கு என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. கல்விக்கடன் மாதிரியே பயிற்சிக்கடனுக்கும் ஒரு உத்தரவாத நிதி வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இப்போது என் கணக்கு. சாய்னா ராக்கெட் பிடித்துப் பழகிய அதே 1999இல்தான் நான் பி.காம். சேர்ந்தேன். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. "பையன் தேறுவானா?" என்று யாரும் கேட்கவில்லை. தங்கச்சியும் பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடியவள், எங்கள் தெருப் பையன்கள் அவளிடம் தோற்பார்கள். பத்தாம் வகுப்போடு "போதும்" என்று நிறுத்தினார்கள். செலவு கட்டாது என்று காரணம். நானும் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். "பள்ளிக்கூடத்தை நிறுத்தக்கூடாது. ரெண்டு வருஷம் பார்ப்போம். பி.எஃப். உங்க வயசான காலத்துக்கு, அது அங்கேயே கிடக்கட்டும். செலவை நான் அனுப்புறேன்."

"கடனா அண்ணா?"

"இல்ல, பழைய பாக்கி."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காலையில அஞ்சரைக்கு பஸ் இருக்கு" என்றாள்.

டிஸ்கி: எனக்கு மாதிரி மாமா எல்லா வீட்டிலும் இருக்க மாட்டான். அதனால்தான் அந்த உத்தரவாத நிதி. பேங்க் நண்பர்கள் யாராவது படித்தால் திட்டாமல் யோசிக்கவும் :-)