நாலு சாவடியும் ஒரு நிரலும்

2002 இல் ஏ9 பாதை திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்வந்தவர்கள் இந்த நாலு பெயரையும் மறக்க மாட்டார்கள்: முகமாலை, பளை, புளியங்குளம், ஓமந்தை. முதலும் கடைசியும் இராணுவத்தின் சாவடிகள். நடுவில் உள்ளவை புலிகளுடையவை. நாலும் விட்டால்தான் பயணம். மூன்று விட்டு ஒன்று மறித்தால் அந்த மூன்றின் சம்மதத்துக்கும் பெறுமதி இல்லை.

அதே ஆண்டு மைக்ரோசொப்ட் வெளியிட்ட டொட்நெற் என்ற மென்பொருள் தளத்தின் முதற்பதிப்பிலும் இந்தக் கணக்கு இருந்தது. ஒரு நிரல் கோப்பொன்றைத் திறக்கக் கேட்டால், கேட்ட நிரலோடு சோதனை நின்றுவிடாது. அதை அழைத்த நிரல் எது, அதையும் அழைத்தது எது என்று சங்கிலி முழுக்க ஏறிப் பார்க்கும். ஒன்றுக்கேனும் உரிமை இல்லையென்றால் கோப்புத் திறக்காது. உரிமை வழங்கும் இடத்தில் இன்னொரு நுணுக்கம்: நிறுவனம், இயந்திரம், பயனர் என்று கொள்கை மட்டங்கள் இருந்தன. ஒரே மட்டத்துக்குள் கிடைக்கும் உரிமைகள் ஒன்றோடொன்று கூடும்; மட்டங்களுக்கிடையில் பொதுவானவை மட்டுமே தங்கும்.

டொட்நெற்றில் பிணையும் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டை விட்டுப் போகப் புலிகளிடம் பாஸ் கேட்டவருக்கு ஒருவர் பிணை நின்றாரே, அதுபோல நம்பகமான நிரல் ஒன்று தன்னை அழைத்தவற்றுக்காகப் பொறுப்பேற்கலாம். சோதனை அதோடு நின்றுவிடும். ஆபத்தும் அங்கேதான். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டி இருந்தது. நிரலை யார் கூப்பிட்டு விசாரிப்பது? உரிமையில்லாத நிரல், உரிமையுள்ள நிரலின் கையால் காரியம் முடித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு சிக்கலானது. சரியாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 2010 இல் டொட்நெற் 4 அந்தக் கொள்கை அடுக்கைக் கைவிட்டது. ஜாவாவிலிருந்த இதையொத்த காவலும் 2025 இல் ஜாவா 24 உடன் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. கைவிட்டது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அழைத்தது எது, அதற்கு உரிமை உண்டா என்ற கேள்வியையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் என் கவலை. 2018 இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறு நிரல் தொகுப்பை, எழுதியவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். அதற்குள் நுழைந்த கள்ள நிரல் கோபே என்ற பிற்கொயின் பணப்பையைக் குறிவைத்தது. பணப்பைக்கு இருந்த உரிமை அத்தனையும் அந்தச் சின்னத் தொகுப்புக்கும் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் எங்கள் பிள்ளைகள் தினமும் இப்படிப் பல தொகுப்புகளை இறக்கிச் சேர்க்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளியாள் எழுதிய நிரலைத் தனிச் செயலாகப் பிரித்து, மிகக் குறைந்த உரிமையுள்ள கணக்கொன்றில் ஓட விடுங்கள். வாடிக்கையாளரின் பணத்தையும் கடவுச்சொல்லையும் தொடும் பகுதிக்குப் பக்கத்திலேயே அதை வைக்காதீர்கள்.