குவாய் பாலத்தில் யாருக்கு மலர்வளையம்?

பாங்காக்கிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலா வேன்களின் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் மிதக்கும் சந்தை. பிறகு காஞ்சனாபுரி. அங்கே போர்க் கல்லறை, ஒரு அருங்காட்சியகம், குவாய் நதிப் பாலத்தின் மேல் நின்று ஒரு புகைப்படம், ஆற்றோரத்தில் மதியச் சாப்பாடு, மலையோரமாகக் கொஞ்ச தூரம் ரயில் பயணம். சிலர் யானைச் சவாரியையும் சேர்த்துத் தருவார்கள். முன்பெல்லாம் புலிக்கோயிலும் உண்டு, 2016-ல் அதை மூடிவிட்டார்கள். இருட்டுவதற்குள் பாங்காக் திரும்பிவிடலாம். இதற்குப் பெயர் 'மரண ரயில் சுற்றுலா'.

மரணம் யாருடையது என்பதில்தான் சிக்கல்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்த தன் படைகளுக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானுக்கு ஒரு தரைவழி தேவைப்பட்டது. கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் தொல்லை. எனவே சயாமின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலை, காடு, மழை, காலரா எல்லாவற்றுக்கும் நடுவே ஏறத்தாழ பதினாறு மாதங்களில்! இதில் 60,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழிகாட்டிகள் ஒப்பிக்கும் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

மீதிக் கணக்கு என்ன? அதே பாதையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். ஜப்பானியர்கள் இவர்களை 'ரோமுஷா' என்றார்கள். இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே சொல்கிறது. அதாவது செத்த ஒவ்வொரு வெள்ளைக்காரக் கைதிக்கும் ஆறேழு கூலிக்காரர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

இவர்கள் எப்படிப் போனார்கள்? போரில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. துரைமார்கள் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைக்குப் போனார்கள். தோட்டத்து லயங்களில் பட்டினி. சயாமில் வேலை, கூலி, அரிசி, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டியபோது சிலர் தாமாகப் போனார்கள், மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. ஆள் போதாதபோது லாரி வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூட்ஸ் வண்டியில் அடைத்து பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் சென்றார்கள். கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று அதட்டிச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு இவை எதுவும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

சரி, இப்போது கல்லறைக்கு வருவோம். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள், வயது, படைப்பிரிவு, குடும்பத்தார் எழுதிய ஒரு வரி. கண் கலங்காமல் அங்கிருந்து வெளியே வர முடியாது, வரவும் கூடாது. ஆனால் இந்தக் கல்லறை தானாக முளைத்ததல்ல. போர் முடிந்தவுடன் 1945-ல் முன்னாள் கைதிகளையும் கொண்ட ஒரு தேடுதல் குழு அதே ரயில்பாதையில் போய், கைதிகள் உயிரைப் பணயம் வைத்து மறைத்து வைத்திருந்த குறிப்புகளின் உதவியோடு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. பிறகு அவற்றை மூன்று கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றினார்கள்.

அந்தக் குழு போன அதே காட்டில்தான் தமிழர்களின் குழிகளும் இருந்தன. அவற்றைத் தேடுவது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த மக்கள்தான், பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குப் பால் வெட்டியவர்கள்தான். ஆனால் சீருடை போடவில்லையே! 1990-ல் காஞ்சனாபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்ட அவற்றில் யாருக்கும் பெயர் இல்லை.

அந்த ஊரில் ஜீத் போர் அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. 1977-ல் ஒரு புத்த மடத்தில் தொடங்கியது, மூங்கில் குடிசை வடிவில். ஜீத் என்ற பெயர் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து என்ற நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்தது. அதிகம் செத்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், தொழிலாளர்களையும் சேர்த்து இறந்தவர்களுக்காக 1944-லேயே ஒரு நினைவுத்தூண் வைத்தவர்கள் ஜப்பானியப் படையினர். கொன்றவர்களுக்கே அந்தச் சாவுகள் கணக்கில் இருந்திருக்கின்றன!

வழிகாட்டிகளைக் குறை சொன்னால் உடனே வரும் பதில் இது: "சினிமா பார்த்துவிட்டு வருகிறார்கள், கேட்பதைத்தானே காட்ட முடியும்?" டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957-ல் வந்தது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலவில், படத்தில் வெடித்த பாலம் களனி ஆற்றின் மீது கட்டிய மரப்பாலம். உண்மையான பாலம் இரும்பு, அது நின்ற ஆற்றின் பெயர் மே க்லாங். தேடி வந்த பயணிகள் ஏமாறக் கூடாது என்று 1960 வாக்கில் ஆற்றின் பெயரையே 'குவே யாய்' என்று மாற்றிவிட்டார்கள். (வெள்ளைக்காரர்கள் உச்சரிக்கும் 'குவாய்' தாய் மொழியில் எருமையைக் குறிக்கும் என்பது தனிக்கதை.) பயணிகளுக்காக ஒரு ஆற்றின் பெயரையே மாற்ற முடிந்த ஊரில், வழிகாட்டியின் பேச்சில் நான்கு வாக்கியம் மாற்ற முடியாதா என்ன?

இன்னொரு தரப்பும் உண்டு. செத்த இடத்தைச் சுற்றுலா ஆக்குவதே அசிங்கம், டிக்கெட் வைப்பதே பாவம் என்பார்கள். நவம்பர் கடைசியில் தொடங்கும் பாலத் திருவிழாவில் குண்டுவீச்சை வாணவேடிக்கையாகக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் இந்தக் கோபம் நியாயம் என்றுதான் தோன்றும். ஆனால் 'போகவே கூடாது' என்பது சரியான முடிவல்ல. கொன்யூ மலையில் கைதிகள் தீப்பந்த வெளிச்சத்தில் இரவெல்லாம் பாறை உடைத்த 'ஹெல்ஃபயர் கணவாய்' போருக்குப் பின் காடு மூடிக் கிடந்தது. அந்த ரயில்பாதையில் வேலை செய்து பிழைத்த ஒரு ஆஸ்திரேலியர் திரும்பி வந்து தேடினார், அரசை நச்சரித்தார். 1998-ல் ஆஸ்திரேலிய அரசின் செலவில் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஏப்ரல் 25-ம் தேதி விடியலில் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. ஆள் வந்ததால் பாதை வெட்டினார்கள், பாதை இருப்பதால் மேலும் ஆள் வருகிறார்கள். ஆள் வராத குழியின் மேல் கரும்பு வளர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவணம் இல்லை, பெயர் இல்லை, எதைச் சொல்வது என்பதும் சாக்குத்தான். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதியிருக்கிறார். தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்கள் ஒலியாகவும் படமாகவும் பதிவாகியிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்கள் காஞ்சனாபுரியிலேயே ஒரு நடுகல்லும் நிறுத்திவிட்டார்கள். எந்த அரசும் இவர்களுக்காக எழுப்பாததைப் பேரப்பிள்ளைகள் எழுப்பினார்கள்.

ஆனால் சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தமிழர்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிப் போகும் ஏஜென்சிகள்? பாங்காக், பட்டாயா, ஷாப்பிங், 'தென்னிந்தியச் சாப்பாடு உண்டு' என்ற வரி தடித்த எழுத்தில். காஞ்சனாபுரி இருந்தாலும் அருவிக்காகவும் படகு வீட்டுக்காகவும்தான் இருக்கும். பாலத்தில் செல்ஃபி எடுக்கும் தமிழ்க் குடும்பத்திடம், அந்தத் தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர்களில் தன் ஊர்க்காரர்கள் இருந்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. வெள்ளைக்கார வழிகாட்டி அவன் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறான், அது அவன் கடமை. தமிழ் பேசும் வழிகாட்டியும் அதே வெள்ளைக்காரத் தாத்தாவைப் பற்றியே பேசிவிட்டு "டைம் ஆச்சு சார், வண்டில ஏறுங்க" என்கிறார்.

அந்த நடுகல் பாலம் இருக்கும் அதே ஊரில்தான் இருக்கிறது. வேன் அங்கே கால் மணி நேரம் நிற்க வேண்டும். அதற்காக மிதக்கும் சந்தையில் கால் மணி நேரம் குறைந்தால் குறையட்டும்.