மாடு நன்றாக இருக்கிறது, ஆடு மட்டும் ஏன் சாகிறது?

“இரண்டு காங்கேயம் மாடுகளும் முப்பது செம்மறிகளும் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு ஆடுகளுக்கு முகம் வீங்கி, வாயெல்லாம் புண்ணாகி, நான்கு செத்துவிட்டன. மாடுகளுக்கு ஒன்றும் இல்லை. இது கோமாரியா? மீதி ஆடுகளை விற்றுவிடலாமா?”

– வாசகர், அவிநாசிபாளையம்.

கோமாரி என்றால் பக்கத்தில் நிற்கும் மாடுகளும் எச்சில் ஒழுக நின்றிருக்கும். மாடு தீவனம் எடுக்க, செம்மறி மட்டும் முகம் வீங்கி நொண்டினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீலநாக்கு நோயை. கால்நடை மருத்துவர் ரத்த மாதிரி எடுத்து அனுப்பினால் உறுதியாகிவிடும்.

வைரஸ் தானாகப் பெருகாது. ஓர் உயிரணுவுக்குள் புகுந்து, அதையே பட்டறையாக்கித் தன்னைப் போலப் பல வைரஸ்களைச் செய்துகொள்ளும். நீலநாக்கு வைரஸ் குறிவைப்பது மெல்லிய ரத்தக்குழாய்களின் உட்சுவரை. செம்மறியில் அந்தச் சுவர் சேதமாகி நீர் கசிகிறது. அதனால்தான் முகமும் உதடும் வீங்குகின்றன, குளம்புக்கு மேல் சிவந்து ஆடு நொண்டுகிறது. ரத்த ஓட்டம் கெட்டுப்போன சில ஆடுகளில்தான் நாக்கு நீலமாகும். நாக்கு நீலமாக இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

மாட்டுக்குள்ளும் இதே வைரஸ் போகிறது. ஆனால் அதன் ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். வைரஸோ ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றும். அந்த மாட்டைக் கடித்த கூலிக்காய்டஸ் என்ற பொடி ஈ, சில நாள் கழித்து ஆட்டைக் கடித்தால் போதும். வெள்ளாட்டுக்கும் பெரும்பாலும் லேசாகவே வந்து போகும்.

இனத்துக்கு இனமும் மாறும். தென்னாப்பிரிக்காவில் உள்ளூர் ஆடுகள் சமாளித்த இந்த நோய், வெளியிலிருந்து கொண்டுவந்த மெரினோ ஆடுகளைக் கொன்றது. ‘நாட்டு ஆடுதானே, தாங்கும்’ என்று இங்கே இருந்துவிட முடியாது; தமிழ்நாட்டில் நாட்டுச் செம்மறிகளே செத்திருக்கின்றன. வைரஸின் வகையும் கணக்கில் வரும். 2006-ல் ஐரோப்பாவில் பரவிய எட்டாம் வகை மாடுகளையும் படுக்க வைத்தது.

இது தொட்டு ஒட்டுகிற நோய் அல்ல. மாடுகளை விற்றுப் பயனில்லை. பக்கத்துத் தோட்டத்து மாடு போதும். நோய் கண்ட ஆட்டைக் கன்னிவாடி சந்தைக்கு ஓட்டுவது அதைவிட மோசம், வாங்குகிறவர் ஊருக்கு வைரஸை அனுப்புகிற வேலை அது.

வைரஸை அழிக்கும் மருந்து கிடையாது. நோயுற்ற ஆட்டை நிழலில் கட்டி, இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் வாயைக் கழுவி, கிளிசரின் தடவி, கஞ்சி கொடுக்கலாம். புண்ணில் பாக்டீரியா சேராதிருக்க மருத்துவர் ஊசி போடுவார். பொழுது சாயும் முன் பட்டியில் அடைத்து வேப்பிலைப் புகை போட வேண்டும். சாணிச் சேற்றில்தான் அந்த ஈ பெருகும். பட்டியைச் சுற்றி ஈரம் நிற்கக் கூடாது.

ஐந்து வகை வைரஸ்களுக்கு எதிரான தடுப்பூசி இந்தியாவில் இருக்கிறது. அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே போட்டால்தான் பலன் என்பதால், ஆடி மாதமே கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைப்பது நல்லது.