பொந்துக்குப் பெட்டி ஈடாகாது: ஆஸ்திரேலியாவின் மிதக்கும் பொசம்கள் குறித்த நிலைப்பாடு

மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்லும் பொசம்கள் (கிளைடர்கள்) கங்காரு, கோவாலா போன்ற பைப்பாலூட்டிகள். முதிராத குட்டியை ஈன்று வயிற்றுப்பையில் வளர்ப்பவை. ஆஸ்திரேலியா, நியூகினி, அவற்றை அடுத்த தீவுகள் ஆகியவையே இவற்றின் வாழிடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் அணிலைப் போலத் தோன்றினாலும், அவ்வணில் கொறிவிலங்கு. இவற்றுக்கு நெருங்கிய உறவன்று.

பொசம்களுக்குள்ளும் மிதக்கும் திறன் மூன்று குடும்பங்களில் தனித்தனியே தோன்றியது. ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள இறகுவால் கிளைடர் ஒரு குடும்பம். சர்க்கரை கிளைடரும் அதன் இனத்தாரும் இன்னொன்று. யூகலிப்டஸ் இலையையே உண்டு வாழும் பெரிய கிளைடர், வளையவால் பொசம் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரை கிளைடரின் தோல்சவ்வு முன்கால் விரல்வரை நீளும். பெரிய கிளைடருக்கு முழங்கையோடு நின்றுவிடும். ஆனாலும் அது ஒரே பாய்ச்சலில் 100 மீட்டர்வரை கடக்கும்.

பகலெல்லாம் இவற்றுக்கு மரப்பொந்தே வீடு. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திகள் இல்லை. பூஞ்சையும் கரையானும் தீயும்தான் பொந்தைக் குடைகின்றன. பெரிய கிளைடர் நுழையுமளவு பொந்து உருவாக நூறாண்டுக்கு மேலாகும். ஒரு விலங்குக்கு ஒரு பொந்தும் போதாது. பலவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். மரம் அந்த வயதை எட்டுமுன் மீண்டும் வெட்டப்படும் காட்டில் பொந்து எங்கிருந்து வரும்?

மரவெட்டு, 2019-20 காட்டுத்தீ, கூடிவரும் வெப்பம் ஆகியவை பெரிய கிளைடரை நெருக்கிவிட்டன. 2016இல் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது எனத் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பெரிய கிளைடர், 2022இல் அருகிவரும் இனமாக்கப்பட்டது.

வெட்டிய காட்டில் பொந்துக்கு மாற்றாகக் கூட்டுப்பெட்டிகளை மாட்டினால் போதும் என்ற வாதத்தை இந்நிலைப்பாட்டை வெளியிடும் அமைப்பு ஏற்கவில்லை. தீக்குப் பிந்தைய அவசர உதவியாகப் பெட்டிகள் பயன்படும், அதில் ஐயமில்லை. ஆனால் அவை சில ஆண்டுகளில் சிதையும், கோடையில் கொதிக்கும். வெப்பம் தாங்காத விலங்குக்கு அது புகலிடமாகாது. விக்டோரியா மாநிலம் தன் அரசுக் காடுகளில் இயற்கைக் காட்டு வணிக மரவெட்டை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. நியூ சவுத் வேல்ஸும் அவ்வாறே நிறுத்த வேண்டும்.

டாஸ்மேனியாவின் நிலை வேறு. அங்கே சர்க்கரை கிளைடர் 19ஆம் நூற்றாண்டில் மனிதர் கொண்டுவிட்ட விலங்கு. அருகிவரும் ஸ்விஃப்ட் கிளிகளைப் பொந்துக்குள்ளேயே புகுந்து, முட்டை, குஞ்சு, தாய்ப்பறவை எனப் பாராமல் தின்கிறது. கிளிகள் கூடு கட்டும் இடங்களில் அதைக் கட்டுப்படுத்துவதை இவ்வமைப்பு ஆதரிக்கிறது. ஆயினும் முதிர்ந்த காடு குறைந்த இடங்களில்தான் இந்த வேட்டை மிகுதி என்பதால், கிளைடரை மட்டும் பழிப்பது நியாயமன்று.

முள்கம்பி வேலியில் தோல்சவ்வு சிக்கி இறக்கும் கிளைடர்களும் உண்டு. காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்போர் வேலியின் மேல்வரிசையிலாவது முள்ளில்லாக் கம்பியைப் பொருத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.