வட்டில் கிடைத்த பையன்

உப்பள வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் ஒன்றும் அதிசயமில்லை. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் ‘தி 400 ப்ளோஸ்’ (1959) படத்து அந்த்வானுக்கோ, சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி ஓடும்போதுதான் முதன்முதலாகக் கடல் கண்ணில் படுகிறது. அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. என்னைப் பிடித்து நிறுத்தியது, கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட வட்டில் படத்தோடு சேர்த்துத் தந்திருக்கும் நடிகர் தேர்வுக் காட்சிகள். அந்த்வானாக நடித்த பதினான்கு வயது ழான்-பியேர் லியோ கேமராவுக்கு முன்னால் துளிக் கூச்சமில்லாமல், வெடுக்வெடுக்கென்று பதில் சொல்கிறான். படத்தில் உளவியலாளர் கேட்கும் கேள்விகளுக்கு அவனே சொந்தமாகச் சொன்ன பதில்களை த்ரூஃபோ ஏன் அப்படியே படத்தில் வைத்தார் என்பது அதைப் பார்த்தால் விளங்கும். நம் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) படத்திலும் மூன்று பையன்கள் நடிப்பே தெரியாமல் வாழ்ந்தார்கள். அவர்களை அவர் எப்படிக் கண்டெடுத்தார், கேமரா முன் எப்படிப் பழக்கினார் என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இங்கே படத்தையே காப்பாற்றுவது பெரும்பாடு. தன் ‘வீடு’ படத்தின் நெகட்டிவ்கூட மிஞ்சவில்லை என்று அவரே மனம் நொந்து சொன்னார், திரைப்படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டார். அந்த மூன்று பையன்களின் முகமும் துலக்கமாகத் தெரியும்படி, ‘அழியாத கோலங்க’ளைச் செப்பனிட்டு ஒரு நல்ல வட்டாக யாராவது கொண்டுவர வேண்டும்.