ஆட்டோ மீட்டர் கட்டணத் திருத்தம்: சங்கங்களைக் கேட்டு ஆணையிட வேண்டி கோரிக்கை மனு

நாள்: 25.08.2025

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: ஆட்டோ கட்டணத்தைத் திருத்தவும், ஓட்டுநர் சங்கங்களை முறையாக அழைத்துக் கருத்துக் கேட்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதி ஸ்டாண்டுகளில் வண்டி ஓட்டும் உறுப்பினர்கள் சார்பில் எங்கள் சங்கம் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறது.

இப்போதைய கட்டணம் 2013 ஆகஸ்ட் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஐந்து கிலோமீட்டர் சவாரிக்கு 63 ரூபாய் 40 காசு வரும். பன்னிரண்டு ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. சென்னையில் பெட்ரோல் விலை 2021-லேயே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவு, டயர், வாடகை வண்டிக்கு முதலாளியிடம் கட்டும் தினவாடகை எல்லாம் ஏறிவிட்டன. காத்திருப்புக் கட்டணம் ஐந்து நிமிடத்துக்கு 3.50 ரூபாய், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 42 ரூபாய். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் கச்சேரி சாலையிலும் மந்தைவெளியிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் வண்டிகள் ஊர்ந்து செல்வதைத் தாங்கள் அறிவீர்கள்; அந்த நேர இழப்பை இத்தொகை ஈடுகட்டாது.

மீட்டர் போடுவதில்லை என்று பயணிகள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் கட்டுப்படியாகாத கட்டணம் இருக்கும்வரை சவாரிக்கு முன் பேரம் நடக்கவே செய்யும். அதில் அதிகம் நஷ்டப்படுவது ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் அவசரமாகப் புறப்பட்டவர்கள்தாம். 2013-இல் ஜி.பி.எஸ். பொருத்திய, ரசீது அச்சிடும் மின்னணு மீட்டர் இலவசமாக வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அந்த மீட்டருக்காக இன்னும் காத்திருக்கிறோம்.

வாடகை வண்டி வைத்துப் பிழைப்போர் சங்கமாகத் திரண்டு அரசிடம் முறையிடுவது புதிய வழக்கமல்ல. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கட்டணம் உள்ளிட்டவை பற்றி ஆணையிடும் முன் பாதிக்கப்படும் தரப்புகளின் பிரதிநிதிகளைக் கேட்க வேண்டும் என்றே விதித்திருந்தது. வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டமே எங்களைப் போன்றோரின் குரலுக்கு இடம் வைத்திருந்தது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

2022-இல் தங்கள் துறை சங்கங்களை அழைத்துக் கருத்துக் கேட்டதை நன்றியோடு நினைவுகூர்கிறோம். அதன்பின் ஆணை வரவில்லை. பொறுமையிழந்த சில சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாமாகவே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. சாலையில் இரு கட்டணங்கள் உலவ, பயணிக்கும் ஓட்டுநருக்கும் இடையே சண்டை மூண்டதுதான் மிச்சம்.

காலதாமதம் இனி இன்னும் பெரிய கேடாகும். ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட, செயலி வழி வாடகை வண்டி இயக்கும் நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகள், மாநில அரசு நிர்ணயிக்கும் அடிப்படைக் கட்டணத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. அந்தக் கட்டணத்தில் பாதி வரை குறைக்கவும் இரு மடங்கு வரை ஏற்றவும் இடமுண்டு. அடிப்படையே 2013-இல் நின்றால் செயலியில் ஓடும் வண்டிக்கும் கூலி அதிலிருந்துதான் கணக்காகும்.

ஆகவே, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 67-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு, சங்கப் பிரதிநிதிகளை இரு மாதத்துக்குள் அழைத்துப் பேசி, திருத்திய கட்டணத்தை அரசு அறிவிக்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். எரிபொருள் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் கட்டணத்தைத் திருத்தும் முறையும் அந்த ஆணையிலேயே இடம்பெற வேண்டும். அதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை. அறிவித்த மின்னணு மீட்டரை வழங்குங்கள். மீட்டர் போட மறுக்கும் உறுப்பினர் மீது எடுக்கும் நடவடிக்கைக்கு எங்கள் சங்கமே துணை நிற்கும். மெட்ரோ பணியால் இடம் இழந்த ஸ்டாண்டுகளுக்கு, போக்குவரத்துக் காவல்துறையோடு பேசி அருகிலேயே தற்காலிக இடம் ஒதுக்கித் தரவும் வேண்டுகிறோம்.

கடந்த பன்னிரண்டு ஆண்டுச் செலவுக் கணக்கை உறுப்பினர்களிடமிருந்து திரட்டி வைத்திருக்கிறோம். அதை நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர்